இயக்கக் கணக்கில் மதிப்பெண் எங்கே நழுவுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியலில் ‘இயக்கம்’ சுலபமான பாடம் என்று பெயர் வாங்கியது. மூன்று சமன்பாடு, இரண்டு வரைபடம், அவ்வளவுதான் என்று நினைத்துத் தேர்வுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். மதிப்பெண் குறைந்து வந்தால் “ஃபார்முலா மறந்துபோச்சு” என்பார்கள். விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால் ஃபார்முலா சரியாகவே இருக்கும். கேள்வியில் இருந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

மாணவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், வில்லங்கமானவை கடைசியில். காற்றுத் தடையைப் பற்றித் தனியாகச் சொல்லாத இடங்களில் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று எடுத்திருக்கிறேன்; தேர்வில் எதைப் போடுவது என்பது 7-ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. “ஃபார்முலா எல்லாம் அத்துப்படி. ஆனா கணக்கைப் பார்த்ததும் எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.”

ஃபார்முலாவைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, கேள்வியின் வாக்கியத்திலிருந்து ஆரம்பியுங்கள். நேர்கோட்டில் சீரான முடுக்கத்தோடு போகும் பொருளுக்கு ஐந்தே அளவுகள்: தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், நேரம், இடப்பெயர்ச்சி. இந்த ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தெரிந்ததற்கு எதிரே மதிப்பு, கேட்டிருப்பதற்கு எதிரே கேள்விக்குறி, பேச்சே இல்லாததற்கு எதிரே ஒரு கோடு. அரை நிமிட வேலை.

எல்லா மதிப்பும் எண்ணாகவே வராது; சில, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். “ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்டது” என்றால் தொடக்கத் திசைவேகம் 0. “பிரேக் பிடித்து நின்றது” என்றால் இறுதித் திசைவேகம் 0. “சீரான திசைவேகத்தில் சென்றது” என்றால் முடுக்கம் 0. “மேலிருந்து நழுவவிடப்பட்டது” என்ற ஒரே தொடர் இரண்டு மதிப்புகளைத் தந்துவிடும்: தொடக்கத் திசைவேகம் 0, முடுக்கம் கீழ்நோக்கி 10. “அடையும் அதிகபட்ச உயரம்” என்று கேட்டால், அந்த உச்சியில் திசைவேகம் 0. “இந்தக் கணக்குல ஒரு எண் குறையுதே சார்” என்று தேர்வறையில் கை தூக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சொற்களில் ஒன்றைத்தான் தாண்டிப் போயிருப்பார்கள்.

2. “மூணு சமன்பாட்டுல எதைப் போடணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

மேலே சொன்ன பட்டியலில் எதற்கு எதிரே கோடு போட்டீர்களோ, அந்த அளவு இல்லாத சமன்பாட்டை எடுங்கள்.

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம். இதில் இடப்பெயர்ச்சி இல்லை.

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்². இதில் இறுதித் திசைவேகம் இல்லை.

இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி. இதில் நேரம் இல்லை. உதாரணமாக, 20 மீ/வி வேகத்தில் வந்த கார் பிரேக் பிடித்து 40 மீட்டரில் நிற்கிறது, முடுக்கம் என்ன? நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே மூன்றாவது சமன்பாடு: 0 = 400 + 80 × முடுக்கம், விடை −5 மீ/வி². முடுக்கம் தெரியாமல், கேட்கப்படவும் இல்லாமல் இருந்தால் இடப்பெயர்ச்சி = (தொடக்கம் + இறுதி) ÷ 2 × நேரம் என்பது கைகொடுக்கும்.

இந்த நான்கும் முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் செல்லும். முடுக்கம் நடுவில் மாறினால் பயணத்தைத் துண்டாக்க வேண்டும். அது 14-ஆம் கேள்வியில் வருகிறது.

3. “தொலைவும் இடப்பெயர்ச்சியும் ஒண்ணுதானே? பாதி கணக்குல ஒரே விடைதான் வருது.”

நேர்கோட்டில் திரும்பாமல் போகும்வரை இரண்டின் அளவும் ஒன்றாகத்தான் வரும். பொருள் திரும்பினாலோ வளைந்தாலோ பிரிந்துவிடும். 70 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாதையில் ஒருவர் அரைச் சுற்று ஓடினால் கடந்த தொலைவு 22/7 × 70 = 220 மீ. இடப்பெயர்ச்சியோ தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையிலுள்ள நேர்கோடு, அதாவது விட்டம், 140 மீ. முழுச் சுற்று ஓடினால் தொலைவு 440 மீ, இடப்பெயர்ச்சி 0.

இடப்பெயர்ச்சிக்குத் திசை உண்டு. “3 மீ கிழக்கே, பிறகு 4 மீ வடக்கே” என்ற கணக்குக்கு 5 மீ என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான். “தொடங்கிய இடத்திலிருந்து வடகிழக்குப் பக்கமாக, கிழக்கிலிருந்து சுமார் 53° வடக்கு நோக்கி” என்பதையும் சேர்த்தால்தான் முழுமை. கோணம் கண்டுபிடிக்க உங்கள் பாடத்திட்டத்தில் இடமில்லை என்றால், ஒரு சின்னப் படம் வரைந்து அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

4. “போகும்போது 30, வரும்போது 60. சராசரி 45 தானே? ஏன் தப்புன்னு போட்டிருக்காங்க?”

ஏனென்றால் 30-இல் அதிக நேரம் ஓடியிருக்கிறீர்கள். தொலைவு 60 கி.மீ என்று வைத்துக்கொள்வோம். போக 2 மணி, வர 1 மணி. மொத்தத் தொலைவு 120, மொத்த நேரம் 3, சராசரி வேகம் 40 கி.மீ/மணி. தொலைவை வேறு எதுவாக வைத்தாலும் 40-தான் வரும், போட்டுப் பாருங்கள். இரண்டு வேகத்திலும் சமமான *நேரம்* ஓடியிருந்தால்தான் 45 சரி.

சராசரி வேகம் என்றால் மொத்தத் தொலைவு ÷ மொத்த நேரம், வேறு குறுக்குவழி கிடையாது. அப்படியென்றால் (தொடக்கம் + இறுதி) ÷ 2 என்று 2-ஆம் கேள்வியில் வந்ததே என்று கேட்பீர்கள். அது சீராக வேகம் கூடும்போது அல்லது குறையும்போது மட்டும். இன்னொன்று: இதே பயணத்தில் சராசரி *திசைவேகம்*, அதாவது இடப்பெயர்ச்சி ÷ நேரம், கேட்டால் விடை 0, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால். ஒரே கேள்வியில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது தேர்வாளர்களுக்குப் பிடித்த வேலை.

5. “கி.மீ/மணியை மீ/வி ஆக்கும்போது பெருக்கணுமா வகுக்கணுமா, எப்பவும் குழம்புது.”

1 மணியில் 3600 வினாடி, 1 கி.மீ.யில் 1000 மீட்டர். கி.மீ/மணியிலிருந்து மீ/வி-க்குப் போக 3.6-ஆல் வகுக்க வேண்டும், எண் சிறியதாகும். 36 கி.மீ/மணி என்பது 10 மீ/வி என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் திசை தவறாது. 18-க்கு 5, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25 எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

ஐந்து அளவுகளின் பட்டியலைப் போடும்போதே அலகை மாற்றிவிடுங்கள், சமன்பாட்டில் போட்ட பிறகு அல்ல. 72-ஐ அப்படியே வர்க்கப்படுத்திவிட்டுக் கடைசியில் 3.6-ஆல் வகுக்கிறவர்கள் உண்டு. வர்க்கமான பிறகு வகுக்க வேண்டியது 3.6-ஆல் அல்ல, அதன் வர்க்கத்தால்.

6. “முடுக்கம் −5 வந்துச்சு. விடை −5 எழுதணுமா, 5 எழுதணுமா?”

கேட்டது என்ன என்று பாருங்கள். “முடுக்கம்” கேட்டிருந்தால் −5 மீ/வி². “எதிர்முடுக்கம்” கேட்டிருந்தால் 5 மீ/வி². அந்தப் பெயரிலேயே எதிர் இருக்கிறது. “எதிர்முடுக்கம் = −5” என்று எழுதினால் மறுபடி முடுக்கம் என்று ஆகிவிடும்.

கூடவே வரும் ஒரு தப்பெண்ணம்: குறைக்குறி வந்தாலே வேகம் குறைகிறது என்பது. மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று எடுத்துக்கொண்டால், கீழே விழும் பந்தின் திசைவேகமும் குறைக்குறி, முடுக்கமும் குறைக்குறி. ஆனால் பந்தின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. இரண்டின் குறியும் ஒன்றாக இருந்தால் வேகம் கூடும், வேறாக இருந்தால் குறையும்.

7. “ஜி-க்கு 9.8 போடணுமா 10 போடணுமா?”

ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம். வினாத்தாளில் கொடுத்திருப்பதைப் போடுங்கள். சில தேர்வுகளில் முதல் பக்கத்திலேயே இருக்கும், சிலவற்றில் கணக்கின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். எதுவும் கொடுக்காவிட்டால் பாடப்புத்தகத்தில் உள்ளது. ஒரே கணக்கின் முதல் பகுதியில் 10, இரண்டாம் பகுதியில் 9.8 என்று மட்டும் மாற்றாதீர்கள்.

தசமத்தைச் சுருக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். நடுவில் வரும் எண்ணைச் சுருக்காமல் கடைசி விடையை மட்டும் சுருக்குங்கள். கொடுத்த தகவல் இரண்டு மூன்று இலக்கத்தில் இருக்க, கால்குலேட்டர் காட்டியதற்காக 4.5175395 வினாடி என்று எழுதுவது அழகும் இல்லை, சரியும் இல்லை.

8. “மேலே எறிஞ்ச பந்து உச்சியில ஒரு கணம் நிக்குது. அப்ப முடுக்கமும் பூஜ்யம்தானே?”

இல்லை. உச்சியில் பூஜ்யமாவது திசைவேகம் மட்டும். முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி 10 மீ/வி²-தான். திசைவேகமும் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம் என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், கீழே வர அதற்குக் காரணமே இல்லை. விடைத்தாளில் இந்த ஒரு வாக்கியத்தை எழுதினாலே உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

எண்ணாகவும் பார்க்கலாம். 20 மீ/வி-யில் எறிந்த பந்தின் திசைவேகம் ஒவ்வொரு வினாடி முடிவிலும் 20, 10, 0, −10, −20. ஒவ்வொரு படியிலும் 10 குறைகிறது. 0-வைத் தாண்டும்போதும் அதே 10-தான்.

9. “கனமானது சீக்கிரம் விழும்னு எழுதினேன். கண்ணால பார்க்குறதும் அப்படித்தானே இருக்கு?”

கண்ணால் பார்ப்பது காற்றில். கேள்வி “காற்றுத் தடையைப் புறக்கணிக்க” என்கிறதா என்று பாருங்கள். சொன்னால் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொடும். நிறை இரண்டு மடங்கானால் புவி இழுக்கும் விசையும் இரண்டு மடங்கு. ஆனால் அந்த இரண்டு மடங்கு நிறையைத்தானே அந்த விசை முடுக்க வேண்டும்? விசை ÷ நிறை மாறாது, முடுக்கமும் மாறாது.

1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே சமயத்தில் கைவிட்டார். அங்கே காற்று இல்லை. இரண்டும் சேர்ந்தே விழுந்தன. உதாரணம் கேட்டால் இதை எழுதலாம், கேட்காவிட்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

10. “வரைபடம் வந்தா சாய்வு எடுக்கணுமா பரப்பு எடுக்கணுமா?”

முதலில் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தொலைவு-நேர வரைபடத்தில் சாய்வு என்பது வேகம். அதில் பரப்புக்கு அர்த்தம் கிடையாது. திசைவேக-நேர வரைபடத்தில் சாய்வு என்பது முடுக்கம், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. நினைவில் நிற்காவிட்டால் அலகைப் பாருங்கள்: மீ/வி-யை வி-யால் வகுத்தால் மீ/வி², பெருக்கினால் மீ.

வரைபடம் என்பது பாதையின் படம் அல்ல. தொலைவு-நேர வரைபடத்தில் கோடு மேலேறினால் “வண்டி மேட்டில் ஏறுகிறது” என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிடைக்கோடு தொலைவு-நேரத்தில் வந்தால் நிற்கிறது. திசைவேக-நேரத்தில் வந்தால் மாறாத திசைவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே வடிவம், இரண்டு அர்த்தம்.

அப்புறம், கட்டங்கள். ஒரு பெரிய கட்டத்துக்கு 2 மீ/வி, அதற்குள் ஐந்து சின்னக் கட்டம் என்றால் ஒரு சின்னக் கட்டம் 0.4. அதை 0.2 என்று எடுத்துவிட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண். சாய்வு எடுக்க முக்கோணத்தைப் பெரிதாக வரையுங்கள், கோட்டின் பாதிக்கும் மேல் வரும்படி. முக்கோணம் சின்னதாக இருந்தால் அரைக் கட்டம் தவறிப் படித்தாலும் விடை வெகுவாக மாறிவிடும்.

11. “‘இயக்கத்தை விவரி’ன்னு வரைபடத்தைக் கொடுத்துக் கேட்டா எவ்வளவு எழுதணும்?”

கோடு எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாக்கியம். என்ன நடக்கிறது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை, எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு. “வேகமாகப் போகிறது, பிறகு மெதுவாகிறது” என்பது விவரணை ஆகாது. “0 முதல் 4 வினாடிவரை ஓய்விலிருந்து 12 மீ/வி-க்குச் சீரான முடுக்கத்தோடு செல்கிறது, அடுத்த 10 வினாடி 12 மீ/வி-யிலேயே செல்கிறது, கடைசி 6 வினாடியில் சீராக வேகம் குறைந்து நிற்கிறது” என்பதுதான் விடை. கோடு நேராக இருந்தால் ‘சீரான’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். வளைந்திருந்தால் முடுக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று எழுத வேண்டும்.

இதே பயணத்தில் மொத்தத் தொலைவு கேட்டால், சரிவகத்தின் பரப்பு: ½ × (20 + 10) × 12 = 180 மீ. சராசரி வேகம் 180 ÷ 20 = 9 மீ/வி. மூன்று துண்டுகளின் சராசரிகளான 6, 12, 6-ஐக் கூட்டி மூன்றால் வகுத்து 8 என்று எழுதினால், 4-ஆம் கேள்வியில் விழுந்த குழியிலேயே மறுபடி விழுகிறீர்கள்.

12. “ஃபார்முலா எழுதாம நேரா விடை எழுதினா மதிப்பெண் குறையுமா? நடுவுல ஒரு எண் தப்பானா எல்லாமே போச்சா?”

விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும். ஆனால் பல தேர்வுகளில் சமன்பாட்டுக்கும், எண்ணைப் பிரதியிட்டதற்கும், அலகோடு கூடிய விடைக்கும் தனித்தனியாக மதிப்பெண் உண்டு. வெறும் விடை எழுதி அது தப்பாகிவிட்டால் கொடுப்பதற்கு எதுவுமே இல்லை. படிகளை எழுதியிருந்தால், முதல் பகுதியில் வந்த தப்பான எண்ணை இரண்டாம் பகுதியில் சரியான முறையில் பயன்படுத்தியதற்கும் மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. ஆகவே முதல் பகுதி வரவில்லை என்றால் முழுக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். “முடுக்கம் 3 மீ/வி² எனக் கொண்டால்” என்று எழுதித் தொடருங்கள்.

விடை வந்ததும் ஒரு பார்வை. நடப்பவரின் வேகம் 1.5 மீ/வி வாக்கில் இருக்கும். உசேன் போல்ட் 2009-இல் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடியபோது அவருடைய சராசரியே 10.4 மீ/வி-தான். சைக்கிளில் போகிறவருக்கு 150 மீ/வி வந்திருந்தால் எங்கோ 3.6-ஐயோ 10-ஐயோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

13. “5 வினாடியில் கடந்த தொலைவு, 5-ஆவது வினாடியில் கடந்த தொலைவு. ரெண்டும் ஒண்ணா?”

இல்லவே இல்லை. ஓய்விலிருந்து 2 மீ/வி² முடுக்கத்தில் போகும் பொருள் 5 வினாடியில் ½ × 2 × 25 = 25 மீ கடக்கும். 5-ஆவது வினாடி என்பது 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட அந்த ஒரு வினாடி மட்டும். 4 வினாடிவரை கடந்தது 16 மீ. கழித்தால் 9 மீ. இதற்கென்று தனி ஃபார்முலா இருக்கிறது, ஆனால் கழித்தலே போதும், மறக்கவும் மறக்காது.

ஒவ்வொரு வினாடியிலும் கடந்ததை எழுதிப் பார்த்தால் 1, 3, 5, 7, 9. ஓய்விலிருந்து சீரான முடுக்கத்தில் போகும் எதற்கும் இந்த ஒற்றைப்படை விகிதம்தான். கலிலியோ கண்டு சொன்னது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் இது நேரத்தை மிச்சப்படுத்தும். டிக்கர் டேப் (நகரும் பொருள் இழுத்துச் செல்லும் காகித நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளி வைக்கும் சோதனை) கேள்விகளிலும் இந்த வரிசை தலைகாட்டும். அங்கே ஒரு எச்சரிக்கை: எண்ண வேண்டியது புள்ளிகளை அல்ல, இடைவெளிகளை. வினாடிக்கு 50 புள்ளி வைக்கும் கருவியில் 11 புள்ளி என்றால் 10 இடைவெளி, 0.2 வினாடி.

14. “டிரைவர் பார்த்ததுக்கு அப்புறம் 0.7 வினாடி கழிச்சு பிரேக் பிடிச்சார்னு வருது. அந்த 0.7-ஐ எங்க சேர்க்கிறது?”

எங்கேயும் சேர்க்க வேண்டாம், தனியாகப் பிரியுங்கள். அந்த 0.7 வினாடியும் கார் பழைய வேகத்திலேயே போகிறது, முடுக்கம் 0. பிரேக் பிடித்த பிறகு முடுக்கம் −5. முடுக்கம் மாறுவதால் இரண்டு துண்டு, இரண்டு பட்டியல். 2-ஆம் கேள்வியின் காரையே எடுத்தால் முதல் துண்டு 20 × 0.7 = 14 மீ, இரண்டாவது 40 மீ, மொத்தம் 54 மீ. துண்டுகளை இணைப்பது திசைவேகம்: முதல் துண்டின் இறுதித் திசைவேகமே அடுத்ததன் தொடக்கத் திசைவேகம்.

இதிலேயே ஒரு தந்திரக் கேள்வி உண்டு: “வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தொலைவு எத்தனை மடங்காகும்?” இரண்டு என்பதும் தப்பு, நான்கு என்பதும் தப்பு. யோசிக்கும் நேரத்தில் கடப்பது இரண்டு மடங்கு, 28 மீ. பிரேக் பிடித்த பிறகு கடப்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே நான்கு மடங்கு, 160 மீ. மொத்தம் 188 மீ. 54-இன் மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு.

15. “பாராசூட் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியும் பாதி மதிப்பெண்தான். என்ன விட்டுப்போச்சு?”

பெரும்பாலும் சங்கிலியில் ஒரு கண்ணி. இந்தக் கேள்வியில் நீளத்துக்கு மதிப்பெண் இல்லை, காரணத் தொடருக்குத்தான். விமானத்திலிருந்து குதித்தவுடன் கீழ்நோக்கி எடை மட்டும் செயல்படுகிறது, காற்றுத் தடை மிகக் குறைவு. வேகம் கூடக்கூடக் காற்றுத் தடை கூடுகிறது. அதனால் நிகர விசை குறைகிறது, அதனால் முடுக்கம் குறைகிறது. காற்றுத் தடை எடைக்குச் சமமாகும்போது நிகர விசை 0, முடுக்கம் 0, அதற்கு மேல் மாறாத முற்றுத் திசைவேகம்.

“முடுக்கம் குறைகிறது” என்பதை “வேகம் குறைகிறது” என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முடுக்கம் குறைந்தாலும் அது கீழ்நோக்கி இருக்கும்வரை வேகம் கூடிக்கொண்டுதான் இருக்கும், முன்பைவிட நிதானமாக. இரண்டாவது தவறு, விசைகள் சமமானதும் ஆள் நின்றுவிடுவார் என்பது. நிகர விசை இல்லை என்றால் இருக்கும் திசைவேகம் மாறாது, அவ்வளவே. பாராசூட் விரிந்ததும் காற்றுத் தடை எடையைவிட அதிகமாகி வேகம் சட்டென்று குறையும். அப்போதும் அவர் கீழேதான் வருகிறார், மேலே போவதில்லை. வேகம் குறையக் குறையத் தடையும் குறைந்து, மறுபடி எடைக்குச் சமமாகி, முன்பைவிடச் சிறிய முற்றுத் திசைவேகம் கிடைக்கிறது.

16. “வட்டப் பாதையில சீரான வேகம்னு சொல்லிட்டு முடுக்கம் இருக்கான்னு கேக்குறாங்க. வேகமே மாறலையே?”

வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறுகிறது. வட்டத்தில் ஒவ்வொரு கணமும் திசை மாறுகிறது. திசைவேகம் மாறினால் முடுக்கம் உண்டு. அதன் திசை வட்டத்தின் மையத்தை நோக்கி. 2-ஆம் கேள்வியின் சமன்பாடுகளை இங்கே கொண்டுவராதீர்கள், முடுக்கத்தின் திசையும் மாறிக்கொண்டே இருப்பதால் அவை செல்லாது.

17. “25 மீ உயரக் கட்டடத்தின் மேலிருந்து மேல்நோக்கி எறிஞ்சாங்க. மேலே போறது தனி, கீழே வர்றது தனின்னு ரெண்டா போடணுமா?”

போடலாம், ஆனால் தேவையில்லை. மேலே போகும்போதும் வரும்போதும் முடுக்கம் அதே கீழ்நோக்கிய 10-தான் என்று 8-இல் பார்த்தோமே. முடுக்கம் மாறாததால் ஒரே வீச்சில் முடிக்கலாம். 20 மீ/வி-யில் எறிந்ததாக வைத்துக்கொள்வோம். மேல்நோக்கி நேர்க்குறி என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். தொடக்கத் திசைவேகம் +20, முடுக்கம் −10. இடப்பெயர்ச்சி −25, ஏனென்றால் பந்து தரையில் விழும்போது எறிந்த இடத்துக்கு 25 மீ கீழே இருக்கிறது. நடுவில் எவ்வளவு உயரம் போனது என்பது இடப்பெயர்ச்சிக்குத் தேவையில்லை.

−25 = 20 × நேரம் − 5 × நேரம்². சுருக்கினால் நேரம்² − 4 × நேரம் − 5 = 0; விடைகள் 5, −1. எறிந்த பிறகு நடப்பதைத்தான் கேட்டிருக்கிறார்கள், ஆகவே 5 வினாடி. −1-ஐ அடித்துவிட்டு “நேரம் குறைக்குறியாக முடியாது, ஆகவே ஏற்கவில்லை” என்று எழுதுங்கள். தரையைத் தொடும்போது திசைவேகம் 20 − 50 = −30, அதாவது கீழ்நோக்கி 30 மீ/வி. இரண்டாகப் பிரித்தும் சரிபார்க்கலாம்: மேலே போக 2 வினாடி, 20 மீ, அங்கிருந்து 45 மீ கீழே விழ 3 வினாடி.

18. “போலீஸ் துரத்துற கணக்கு. ரெண்டு பேர் வேகமும் சமமாகும்போதுதானே பிடிப்பார்?”

இந்தப் பாடத்திலேயே அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். மாறாத 15 மீ/வி-யில் ஒரு கார் கடந்து போகிறது. அது கடக்கும் அதே கணத்தில் போலீஸ் பைக் ஓய்விலிருந்து 3 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது. வேகம் சமமாவது 5-ஆவது வினாடி முடிவில். அப்போது கார் 75 மீ போயிருக்கும், பைக் 37.5 மீ. பிடிப்பதாவது, அந்தக் கணத்தில்தான் இரண்டுக்கும் நடுவே தூரம் *மிக அதிகம்*. அதுவரை கார் வேகமானது, இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு பைக் வேகமானது, இடைவெளி குறையத் தொடங்குகிறது.

பிடிப்பது என்றால் இரண்டின் இடப்பெயர்ச்சியும் சமம். இரண்டு பொருள், இரண்டு பட்டியல், பொதுவாக இருப்பது நேரம்: 15 × நேரம் = 1.5 × நேரம்². நேரம் 0 என்பது கார் கடந்த கணம். மற்றது 10 வினாடி. புறப்பட்ட இடத்திலிருந்து 150 மீ. அப்போது பைக்கின் வேகம் 30 மீ/வி, காரைப் போல இரண்டு மடங்கு. பைக்கின் முடுக்கத்தை வேறு எதுவாக மாற்றினாலும் இந்த இரண்டு மடங்கு மாறாது: சம நேரத்தில் சமத் தொலைவு கடக்க பைக்கின் சராசரியும் 15-ஆக இருக்க வேண்டும், தொடக்கம் 0 என்றால் முடிவு 30-ஆகத்தான் இருக்க முடியும். வரைந்து காட்டச் சொன்னால் திசைவேக-நேர வரைபடத்தில் ஒரு கிடைக்கோடு, ஒரு சாய்கோடு. அவை வெட்டும் இடம் 5 வினாடி. இரண்டுக்கும் கீழுள்ள பரப்பு சமமாகும் இடம் 10 வினாடி.

பைக் 2 வினாடி தாமதமாகக் கிளம்பியது என்று கேள்வியை மாற்றிக் கொடுத்தால், பைக்கின் நேரத்தை ‘நேரம்’ என்று வைத்துக்கொண்டு காருக்கு ‘நேரம் + 2’ போடுங்கள். இப்போது இருபடிச் சமன்பாடு வரும். அதற்கு வரும் இரண்டாவது விடையை 17-இல் செய்ததைப் போலவே கையாளலாம்.